திருடர் குகையும் நம் பிள்ளைகளும்



கோடை விடுமுறை வந்துவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தபின், நீங்கள் காப்பித் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை, பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கைப்பேசியே துணையாயிருக்கிறது. மந்திரமும் மாயமும் நிறைந்த கதைப்படங்களை அவர்கள் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். மந்திரம் வந்தாலே விலக்கிவிட வேண்டும் என்பர் சிலர். வெறும் கதைதானே என்பர் வேறு சிலர். இவ்விரண்டு விடைகளும் போதாதவை என்பது என் கருத்து.

நம் பெற்றோர் கண்டு மகிழ்ந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. அலிபாபா கதையை 1709-இல் பாரிஸ் நகரில் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்குச் சொன்னவர், அலெப்போ ஊரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற கிறிஸ்தவர். மாயக் கதை என்றாலே நமக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வேதத்திலும் கற்பனைக்கு இடமுண்டு. கெரிசீம் மலையுச்சியில் நின்று யோதாம் சொன்ன உவமையில் மரங்கள் பேசுகின்றன; தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன (நியாயாதிபதிகள் 9). மரம் பேசாது என்பது கேட்டவர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அக்கற்பனை அபிமெலேக்கின் அக்கிரமத்தை வெளிச்சமாக்கியது. குறிகேட்பதையும் சூனியத்தை நாடுவதையும் வேதம் கண்டிப்பாய் விலக்குகிறது (உபாகமம் 18). ஒரு சொல்லுக்குத் திறக்கும் பாறையைக் கதையில் கண்டு வியக்கும் குழந்தை, அதனால் சூனியக்காரனைத் தேடிப் போவதில்லை.

ஆகவே குகையின் கதவு எனக்கு அச்சம் தரவில்லை. உள்ளே குவிந்திருக்கும் பொன்னே என்னைச் சிந்திக்க வைக்கிறது. அது கொள்ளையில் வந்தது. இழந்தவர்கள் எங்கோ அழுதுகொண்டிருப்பார்கள். அலிபாபா அதை எடுத்து வருகிறான், ஏழைகளுக்கு உதவுகிறான், அரங்கம் கைதட்டுகிறது. அப்பொருளுக்கு உரியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சகேயுவோ தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்தவில்லை; அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான் (லூக்கா 19). தானம் வேறு, உரியவருக்குத் திருப்பித் தருவது வேறு. யாரேனும் எடுத்துச் சொன்னால், பத்து வயதுப் பிள்ளையும் இதை விளங்கிக்கொள்ளும்.

வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூலக்கதையில் காசிமின் உடல் துண்டாக்கப்படுகிறது. ஒளிந்திருந்த திருடர்கள்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றப்படுகிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஸ்னோ ஒயிட் கதையில், சிறுமியைக் கொல்லத் தேடுபவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கினர். பழங்கதைகள் யாவும் மென்மையானவை என்று எண்ணிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, யுஏ சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. படத்தைத் தொடங்குமுன் அதைப் பாருங்கள். எனினும் சான்றிதழுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. இரவில் எதற்கு அஞ்சி விழிக்கிறான், எதைக் கண்டு ஆசைப்படுகிறான் என்பது உங்களுக்கே தெரியும்.

நாள் முழுதும் மலைச்சரிவில் உழைத்துத் திரும்பும் உங்கள் களைப்பை நான் அறிவேன். ஆகையால் வாரத்தில் ஒரே ஒரு மாலையைக் கேட்கிறேன். பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு படத்தை முழுமையாகப் பாருங்கள். முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ‘நீ யாருக்காக மகிழ்ந்தாய்? இதில் யார் எதை இழந்தார்கள்?’ அயலார் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் ஆரஞ்சு யாருடையது என்ற பேச்சு வரைக்கும் அவ்வுரையாடல் போகட்டும். பிள்ளைகளுக்குத் தகுந்த படம் எது என்பதை அந்த மாலை உங்களுக்கே காட்டிவிடும்.

உங்கள் இல்லங்களையும் பிள்ளைகளின் கண்களையும் இருதயங்களையும் கர்த்தர் காத்தருள்வாராக. ஆமென்.