பங்களாவும் லயமும்

சனி, ஞாயிறு ஆகிய இரு நாள் ஓய்வை எங்குக் கழிக்கலாம் என்று சங்கத்து அன்பர்கள் நம்மை வினவுவதுண்டு. கோயிலும் கடற்கரையும் கண்டு சலித்தவர்களுக்கு இக்காலத்தில் ஒரு புது மோகம் பிறந்திருக்கிறது. பழைய அரண்மனையிலோ, வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த மாளிகையிலோ இரண்டு இரவு தங்கிவர வேண்டும் என்பதே அது. பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் வேங்கநாட்டு அரச குடும்பத்தின் கோவிலகம் ஆயுர்வேதச் சிகிச்சை இல்லமாக மாறியது. ஆனைமலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்கள் சில விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. இம்மாதம் மூணாற்றைப் பற்றியே சில சொல்ல விழைகிறோம். ஏனெனில், அது நம்மவர் வியர்வையில் பசுமை பூண்ட மலை.

பாலக்காட்டிலிருந்து செல்வோர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாற்றுக் காட்டைக் கடந்து, சந்தனம் மணக்கும் மறையூர் வழியே மேலேறலாம். தேனியிலிருந்து செல்வோர்க்குப் போடிநாயக்கனூர், போடிமெட்டு வழி உண்டு. பிந்தியது நம் முன்னோர் கால்நடையாகவே ஏறிய திசை என்பதை மறத்தலாகாது.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றார். 1880இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் முதன்முதலாகத் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியது. காட்டை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டுமே! கங்காணிமார் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குச் சென்று, முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தனர். குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு ரயில்கூட ஓடிற்று. அது டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்த்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது.

இனி, பங்களாவுக்குள் நுழைவோம். குன்றின் மேட்டில் அமைந்த வீடு, அகன்ற வராந்தா, முன்னே புல்வெளியும் ரோஜாச் செடிகளும், அறையில் விறகு எரியும் கணப்பு. வெயிலுக்கு அஞ்சிக் குடை பிடிக்கும் நம்மவர் பணம் கொடுத்துக் குளிர்காய்வது ஒரு வேடிக்கைதான். ஊரிலுள்ள ஹை ரேஞ்ச் கிளப்பிலும் விருந்தினர் தங்க அறைகள் உண்டு. அங்கே மதுக்கூடத்துச் சுவரில் வேட்டையாடிய விலங்குகளின் தலைகளோடு பழைய தொப்பிகளும் தொங்குகின்றன. இம்மலையில் முப்பது ஆண்டு பணி முடித்த தோட்டத் துரைக்கு, அவர் தொப்பியைச் சுவரில் மாட்டி மரியாதை செய்வது அக்கிளப்பின் மரபு.

துரைமார் வாழ்வு முழுவதும் சுகமே என்று நாம் சொல்லவில்லை. மேலாளர் ஒருவரின் இளம் மனைவியான எலினார் நைட் 1894இல் வாந்திபேதியால் இறந்து அம்மலைச்சரிவிலேயே அடக்கமானார். தேவாலயம் பின்னரே எழுந்தது. நோய்க்குப் பங்களா, குடிசை என்னும் பேதம் இல்லை. ஆனால் அவ்வம்மையின் கல்லறையை இன்றும் காட்டுகிறார்கள். அக்காலத்தே மடிந்த நம் பெண்டிர் எத்தனை பேருக்குக் கல் நட்டார்கள்?

பங்களா வராந்தாவில் நின்று கீழே நோக்குவோர்க்குச் சரிவில் நீண்ட கூரைகள் வரிசையாகத் தென்படும். அவையே லயங்கள். நெருங்கிய சுவர்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. லயத்து வீடு வேலைக்கு உரியது. வேலை செய்பவருக்கு உரியதன்று. ஓய்வு பெறும் நாளில், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் வேலைக்கு இல்லையேல், வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு இருந்த துரைக்குச் சுவரில் தொப்பி. முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து கிள்ளிய தாய்க்குத் தலைக்குமேல் கூரையில்லை! இவ்விரண்டையும் ஒருங்கே காணாதவர் மூணாற்றைக் கண்டவராகார்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், அம்மலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் அண்டவிடாமல், 'பெண்கள் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் தாமே போராடி, 20 சதவீத போனஸ் பெற்றனர். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, வரையாடு காணச் செல்வோர் அறிந்த இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிய மக்களோடு லய வரிசைகள் புதைந்தன. செய்தி வெளியுலகுக்கு எட்டியது மறுநாள் காலையில்தான். மாண்டவர் 70 பேர். அவருள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்.

அங்ஙனமாயின் பங்களாவில் தங்குவது தவறோ எனின், அன்று. ஆளில்லா வீடு பாழாகும். விருந்தினர் வந்தால் ஊருக்கு வருவாய் உண்டு. 2005இல் டாட்டா தேயிலைக் கம்பெனியிடமிருந்து தோட்டங்களை ஏற்ற புதிய கம்பெனியில் தொழிலாளரும் ஊழியரும் பங்குதாரர்களாயினர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாம் வேண்டுவது இதுதான்: பாதிக் கதையைக் கேட்டுத் திரும்பாதீர்கள்.

நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கொழுந்து கிள்ளும் பெண்களைக் கண்டால், கேளாமல் படம் எடுக்காதீர்கள். தமிழில் நலம் விசாரியுங்கள். எந்த ஊரிலிருந்து அவர்தம் பாட்டனார் வந்தார் என்று கேளுங்கள். நம்முள் சிலருக்கு அது சொந்த ஊராகவே இருக்கக் கூடும். லயங்களுக்குள் வேடிக்கை பார்க்க நுழைய வேண்டா. அவை காட்சிசாலையல்ல, பிறர் வாழும் இல்லங்கள். நம் பாட்டன்மாருள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி பின்னே சென்றவர் பலர். இன்று பெட்டியோடு விமானம் ஏறும் நாம், தலையில் மூட்டையோடு மலை ஏறியவரின் வழியினரே என்பதைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

பங்களாவை அதன் பழமை கெடாமல் காப்பது நன்று. லயத்தையோ அவ்வாறு காக்க வேண்டுவதில்லை. அதன் நினைவைக் காத்து, அதில் வாழ்ந்தோர்க்குச் சொந்த நிலத்தில், சரியாத இடத்தில், தம் பெயரிலேயே வீடு அமைய வேண்டும். அந்நாள் வரும்வரை, கணப்பின் அருகே அமர்ந்து தேநீர் பருகும் ஒவ்வொருவரும் அக்கொழுந்தைக் கிள்ளிய விரல்களை ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பாராக.