பழி தீர்த்தது போதும். மன்னிக்கும் கதைகள் வேண்டும்

பண்டிகை நாளில் பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் திரையரங்குக்குப் போகிறவர்கள் இன்று பெரும்பாலும் ஒரே கதையைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். நாயகனுக்கு ஓர் இழப்பு, கையில் அரிவாளோ துப்பாக்கியோ, முடிவில் பிணக்குவியல். எதிரியும் மனம் திருந்தக்கூடும் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. இறைநம்பிக்கையில் வேரூன்றி, மன்னிப்பையும் அருளையும் பேசும் குடும்பப் படங்கள் தமிழில் மீண்டும் வர வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. சேலம் மாவட்டத்தில், சங்ககிரி அருகே அக்கம்மாபேட்டையில் பிறந்தவர் இயக்குநர் ஏ.பி.நாகராஜன். 1965-இல் அவர் தந்த ‘திருவிளையாடல்’ வெள்ளிவிழா கண்டது. 1967-இல் வந்த ‘கந்தன் கருணை’ அசுரன் சூரனின் கதையைச் சொன்னது. முருகன் அவனை அழிக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன்னோடு வைத்துக்கொண்டான். பகைவனை ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்ற கடவுளை ஆண்டுதோறும் சூரசம்ஹாரத்தில் கும்பிடும் நாம், திரையில் மட்டும் பகைவனின் தலை உருள்வதைக் கொண்டாடுகிறோம்.

மன்னிப்பு ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. 1961-இல் ஏ.பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ படத்தில், இந்துவாகப் பிறந்த பிள்ளை இஸ்லாமியர் வீட்டில் ரஹீமாக வளர்கிறான். அவன் முகம் அமிலத்தால் சிதைக்கப்பட்ட பிறகும் அவன் மனம் சிதைவதில்லை. அதுவும் வெள்ளிவிழாப் படம்தான். அதே சேலம் மாவட்டத்தின் மேட்டூர் மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது. அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்படுகின்றன. பிறர் வயல் விளைய, இரு சமயத்தாரும் அணைக்காகத் தங்கள் ஊரை விட்டுக்கொடுத்த மண் இது.

மன்னிப்பைப் போற்றினால் அநீதி தழைத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று பெண்ணுக்கும், வழக்கைத் திரும்பப் பெற்றுச் சமரசமாகப் போ என்று சாதிக் கொடுமைக்கு ஆளானவருக்கும் காலகாலமாக உபதேசம் செய்துவருகிறோம். அது மன்னிப்பு அல்ல, மிரட்டல். கந்தபுராணமே இதற்கு விடை சொல்கிறது. முதலில் சூரனின் ஆட்சி வீழ்ந்தது. அதன் பின்னரே அவனுக்கு அருள் கிடைத்தது. தவறு நிறுத்தப்பட வேண்டும், ஒப்புக்கொள்ளப்பட வேண்டும், ஈடு செய்யப்பட வேண்டும். மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. மன்னிப்பை எவரும் வற்புறுத்தி வாங்க முடியாது. இதைத் துணிந்து சொல்லும் படமே நமக்குத் தேவை.

இத்தகைய படங்கள் ஓடாது என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ‘அன்பே சிவம்’ 2003-இல் வசூலில் தோற்றது உண்மை. ஆனால், கொல்ல வந்தவனே மனம் மாறித் திரும்பும் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தமிழ்க் குடும்பங்கள் பின்னாளில் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டன. உபதேசத்தை வசனமாக்கி ஒப்பிக்கும் படத்தைத்தான் மக்கள் ஒதுக்குகிறார்கள். தடுமாறி, அழுது, பிறகு மன்னிக்கும் மனிதரைக் காட்டும் படத்தை அல்ல.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாணவர்களுக்குத் திரைப்படங்கள் காட்டப்படுகின்றன. அந்தத் திட்டத்தில் ‘பாவமன்னிப்பு’ இடம்பெறட்டும். பார்த்த பிறகு, யார் யாரை ஏன் மன்னித்தார், மன்னித்திருக்க வேண்டுமா என்று பிள்ளைகள் வாதிடட்டும். கோயில் திருவிழாக்களிலும் தேவாலயப் பெருவிழாக்களிலும் திரை கட்டிப் படம் காட்டும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் மீட்கட்டும். புதிய இயக்குநர்கள் நம் ஊர்களையே கதைக்களமாக்கட்டும்: வரப்புத் தகராறில் பேச்சு அற்றுப்போன பங்காளிகளும், சாதி மாறி மணந்ததால் வாசற்படி மிதிக்க விடப்படாத மகளும் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த மகளிடம் தகப்பன் மன்னிப்புக் கேட்கும் ஒரு படம் வந்தால், குடும்பத்தோடு சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.