கமக்காரர் கேட்பது தோலாசனமன்று!

மின்சாரப் பிக்கப் வந்தால் எரிபொருட் கவலை ஒழியுமென முழங்குவோர் உளர். அவர்களோடு நமக்குப் பகையில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாகத் தாவியதைச் சண்டிலிப்பாய்த் தோட்டங்கள் மறந்தாவிட்டன? ஆயினும் நாம் கேட்கிறோம்: எந்தத் தரம்? என்ன விலை?

ஒரே வாகனத்தை நான்கைந்து தரங்களாகப் பிரித்து, கீழ்த்தரத்தின் விலையைப் பறைசாற்றி, மேல்தரத்தை விற்பதே இவ்வியாபாரத்தின் சூட்சுமம். அமெரிக்காவே இதற்குச் சாட்சி. போர்ட் நிறுவனம் 2021இல் தன் மின் பிக்கப்பின் கீழ்த்தரத்தை 39,974 டொலரென்றது. 2023 மார்ச்சில் அதற்கே 59,974, யூலையில் 49,995. இவ்வாறு ஏறி இறங்குவது வெங்காய விலை மட்டுமே என்றல்லவோ எண்ணியிருந்தோம்! டெஸ்லா 2019இல் 39,900 டொலரென்றது. 2025 ஏப்ரலில் அது கொண்டுவந்த ‘மலிவு’த் தரமோ 69,990. அதிலும் பின்பெட்டியிலிருந்த மின்சாரப் பிளக்குகளைக் கழற்றிவிட்டனர். செப்டெம்பரில் அத்தரமே மறைந்தது.

அந்தப் பிளக்கிலன்றோ கமக்காரருக்குப் பயன்! வாகனத்தைக் கிணற்றடியில் நிறுத்தி, அதன் மின்சாரத்தால் பம்பியை ஓட்டலாம். பம்பி தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதினும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். போர்ட் தன் கீழ்த்தரத்துக்கு 2.4 கிலோவாற்றே கொடுத்தது, 9.6 கிலோவாற்று மேல்தரத்தோடு வந்தது, அன்றேல் மேலதிக விலைக்கு. தண்ணீர் இறைக்க விரும்புவோர் தோலாசனத்துக்கும் ஏன் பணம் கட்டவேண்டும்?

நம் நாட்டிலோ, 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடையை நீக்கிய அரசாங்கம், மின் கார்களுக்கு மோட்டாரின் கிலோவாற்றை அளந்து வரி வகுத்தது. பாரம் இழுக்கும் வாகனத்துக்கு வலு ஆடம்பரமன்று. அதனையும் அக்கோலாலேயே அளப்பது அநீதி. ஏற்றும் பாரத்தை நோக்கி வரி விதிக்கட்டும்.

இசுசுவும் டொயோட்டாவும் அயலிலுள்ள தாய்லாந்தில் மின் பிக்கப் கட்டுகின்றன. அவற்றை இறக்க முனைவோர் அடிப்படைத் தரத்தையும் இறக்கவேண்டும். வரியுட்பட அதன் விலையைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். நம் டாக்டர்மாருக்கும் எஞ்சினியர்மாருக்கும் ஒரு சொல்: நீங்கள் உச்சத் தரத்தையே கேட்டு நின்றால் வியாபாரி அதனையே இறக்குவான்; சுன்னாகம் சந்தைக்கு மூட்டை ஏற்றுபவர் பழைய டீசல் வண்டியோடேயே நிற்பார்.

சண்டிலிப்பாய்க் கமக்காரரே, அடிப்படைத் தரத்தின் முழு விலையும், பின்பெட்டிப் பிளக்கின் கிலோவாற்றும் எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு சதமேனும் முற்பணம் கொடாதீர்!