அம்பாஸிடருக்குச் சிந்தெடிக் ஆகாதா?

"வண்டி பழசு, சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் லீக் ஆக ஆரம்பித்துவிடும்" என்று மெக்கானிக் சொன்ன ஒரு வார்த்தைக்கு அஞ்சி, தகப்பனார் காலத்து அம்பாஸிடரைச் சிரத்தையோடு பராமரித்து வருகிறவர்கள் பலர் அந்த எண்ணெயைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. மெக்கானிக்கின் அநுபவம் பொய்யன்று. அதற்கு அவர் கற்பிக்கும் காரணந்தான் பிசகு என்பது என் அபிப்பிராயம்.

1970-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆரம்பகாலச் சிந்தெடிக் எண்ணெய்கள், சாதாரண எண்ணெயில் ஊறி உப்பிப் பழகிய ரப்பர் சீல்களைச் சற்றே சுருங்கச் செய்தது உண்மைதான். ஆனால் எஸ்டர் முதலியவற்றைச் சேர்த்து அக்குறைக்குப் பரிகாரம் கண்டு வெகுகாலமாகிறது. இன்று கசிவு தோன்றுவதற்கு மூலம் வேறு. டேப்பட் கவரைக் கழற்றி உட்புறத்தை விரலால் ஒரு முறை வழித்துப் பாருங்கள்: காலாகாலத்தில் ஆயில் மாற்றாத எஞ்சினாயிருந்தால், கறுத்துக் கெட்டியான கசடு விரலோடு வரும். காய்ந்து வெடித்த தக்கைக் கேஸ்கெட்டின் இடுக்குகளில் அடைந்து, ஒழுகவேண்டிய எண்ணெயை இத்தனை வருஷமாகத் தடுத்து நிறுத்தியது அந்தக் கசடேயாகும். புதிய எண்ணெயிலுள்ள சுத்திகரிக்கும் சரக்கு அதைக் கரைத்ததும், மறைந்திருந்த விரிசல் வெளிப்படுகிறதேயொழிய, புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. விலை அதிகம் என்பதையே உயர்வுக்கு அத்தாட்சியாகக் கொண்டு, இக்காலத்துக் கார்களுக்கென்றே தயாரித்த 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயை, மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சத்தைச் சேர்ந்த அந்த 1489 சி.சி. எஞ்சினில் ஊற்றினால், தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளியில் அது நிலைகொள்ளாமல், ஆயில் பிரஷர் இறங்கிவிடும். தவிரவும், டேப்பட்டுகள் கேம் ஷாப்ட்டோடு நேரே உராய்ந்து இயங்கும் அமைப்பு அது. அவற்றைத் தேயாமல் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்க்கையை, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குக் கேடு நேராதிருக்கும்பொருட்டு, மெல்லிய புதிய ரகங்களில் குறைத்திருக்கிறார்கள். ஆகையால் சிந்தெடிக்கே வேண்டுமானாலும் 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50 ரகமாகப் பார்த்து வாங்குவதே உசிதம்.

மாதத்துக்கொரு முறை கோயிலுக்குப் போய்வரும் வண்டிக்குச் சாதாரண எண்ணெயே போதும். வருஷந்தோறும் தவறாமல் மாற்றினால் சரி. சித்திரை வெயிலில், நகரத்து நெரிசலில், நாள்தோறும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கோ, உஷ்ணத்தில் எளிதில் கெடாத சிந்தெடிக் மெய்யாகவே பிரயோஜனப்படும். அதற்கு முன்பாக, சாதாரண எண்ணெயையே ஃபில்டரோடு சேர்த்து 1,000, 1,500 கிலோமீட்டருக்கொரு தடவையாக இருமுறை மாற்றி, கசடை மெள்ள மெள்ள வெளியேற்றிவிட வேண்டும். பிறகு சிந்தெடிக்கை ஊற்றி, அன்றிரவே எஞ்சினுக்கு நேர்கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை முன்பக்கமாக விழுந்திருந்தால் டைமிங் கவர் சீலையும், பக்கவாட்டில் விழுந்திருந்தால் அங்குள்ள கவரின் கேஸ்கெட்டையும் முதலில் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லலாம்.