வயதேறும் கட்டடமும் இறங்காத வாடகையும்

அடுக்குமாடிக் குடியிருப்பு நம் பாளையம்பட்டிக்குப் பழக்கமான வாழ்க்கை அன்று. ஆயினும் மதுரைக்கும் சென்னைக்கும் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் பலர் குடியிருப்பது அங்கேதான்; அதுவும் பழைய கட்டடங்களில். புதியதன் வாடகை அவர்கள் கைக்கு எட்டாது. அத்தகைய வீடுகளை வாடகைக்கு விடுவோரிலும் நம்மவர் உண்டு. அவர்களை நோக்கியே இதை எழுதுகிறேன்.

பழைய வீட்டின் வாடகை குறைவாக இருந்தால் அது உரிமையாளர் செய்யும் தர்மம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது பிழையான எண்ணம். இஜாரா ஒப்பந்தத்தில் வாடகைக்கு ஈடாகக் கைமாறுவது செங்கல்லன்று, அவ்வீட்டின் பயன். லிஃப்ட் நின்று, குழாய் துருவேறி, மழைக்குக் கூரை ஒழுகும் வீட்டில் அந்தப் பயன் குறைந்துவிட்டது. பயன் குறைந்த பின்னும் முழுத்தொகை கேட்பது எந்த நியாயம்? அளவையில் குறைப்போரை எச்சரிக்கும் சூரா, குர்ஆனில் 83ஆவதாக இருக்கிறது. தராசு கடைத்தெருவில் மட்டுமே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. குடியிருப்புக்கு மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு நியாய வாடகை. அம்மதிப்பைக் கணக்கிடுகையில் கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்பட்டது. (மனையின் சந்தை விலையும் சேர்ந்ததால் கழித்தது மறுபுறம் ஏறியது, அது வேறு.) 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ வாடகையை இருவரின் உடன்பாட்டுக்கே விட்டுவிட்டது. குழந்தைகளோடு வீடு தேடி அலைபவனின் உடன்பாடு எத்தகையது என்பதை யார் அறியமாட்டார்?

“பழுதுபார்த்தால் வாடகையை உயர்த்தத்தானே வேண்டும்?” என்பர். புதிய வசதி செய்து கொடுத்து, அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கேட்டால் ஆட்சேபமில்லை. ஆனால் ஒழுகலை அடைப்பது வசதியன்று, உரிமையாளரின் பொறுப்பு. அவர் செய்யாவிடில் ஒப்பந்தத்தை முறித்து வெளியேற வாடகைதாரருக்கு உரிமையுண்டு என்பது ஃபிக்ஹு அறிந்தோருக்குப் புதிதன்று. “அது சங்கத்தின் வேலை” என்று தட்டிக்கழிப்போரும் உண்டு. வாடகை வாங்கியது சங்கமா?

“மலிவாகத்தானே தருகிறேன்” என்பது ஆபத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. கட்டி முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. குடியிருந்தோர் முன்னரே வெளியேறியதால் உயிர் தப்பினர், அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் செல்லும் சகோதரர்கள், கையெழுத்துக்கு முன் அந்த வீட்டின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், அது சீராகும்வரை ஒரு ரூபாயும் ஏற்றாதீர்கள்.