புதுக் காருக்குப் பூச்சு வேணுமா?

புதுசா கார் எடுத்தா, சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே "டெஃப்லானா, செராமிக்கா சார்?"னு ஷோரூம்ல ஆரம்பிச்சிடுறாங்க. செராமிக் பூச்சோட கனம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான். அழுக்கு சுலபமா போகும், பளபளப்பு நிக்கும், அவ்வளவே. பெருமையா சொல்ற அந்த "9எச்" பென்சில் கணக்கு, வைரக் கணக்கு இல்லீங்க!

புதுக்கோட்டை பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னாடி போனா தெறிக்கிற கல்லை அது தடுக்காது. அதுக்கு 150 - 200 மைக்ரான் கனமுள்ள பிபிஎஃப் படலம் வேணும். முழு வண்டிக்கும் ஒட்டினா பர்ஸ் காலி.

என் ஓட்டு: பானெட், முன் பம்பருக்கு மட்டும் படலம். மிச்சத்துக்கு மெழுகு போதும். காக்கா எச்சத்தை அன்னைக்கே கழுவுங்க. போர் தண்ணியில கழுவினா, காயறதுக்குள்ள துடைச்சிடுங்க, இல்லேன்னா உப்புக்கறைதான். இதுக்கெல்லாம் எந்தப் பேக்கேஜும் வேணாம் மக்களே.