மதிப்பெண் போதாது, கதை வேண்டும்

நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள். திருவனந்தபுரத்தில் சில வீடுகளில் அந்த நாளுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களின் கடைசி நாள் அது. பிளஸ் டூ பாடம், நுழைவுத் தேர்வுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் நடுவே, கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சின்னக் கேள்விக்கு விழித்துக்கொண்டிருக்கும். 'எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? 150 வார்த்தைகளுக்குள் எழுதவும்.'

விழிப்பதில் ஆச்சரியமில்லை. நகரைச் சுற்றியுள்ள பெரிய கல்விக்கூடங்கள் பட்டப் படிப்புக்கு இப்படிக் கேட்பதில்லை. வலியமலையில் 2007இல் தொடங்கிய விண்வெளிக் கல்வி நிறுவனத்தின் பி.டெக். படிப்புக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் நல்ல இடம் வேண்டும். விதுராவில் உள்ள ஐஸருக்குத் தனி நுழைவுத் தேர்வு. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளுக்கு 'கீம்'. நீ யார், எதனால் இப்படி ஆனாய் என்று எங்கும் கேள்வி கிடையாது. பன்னிரண்டு வருடம் எழுதிய விடைத்தாள்களில் 'நான்' என்ற சொல்லுக்கே அதிகம் வேலையில்லை. இப்போது ஒவ்வொரு வாக்கியமும் அதில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' பொது விண்ணப்பத்தில் 650 வார்த்தைக்குள் ஒரு பெரிய கட்டுரை. அது முடிந்தது என்று மூச்சுவிட முடியாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்குக்குத் துணைக் கட்டுரைகள் கேட்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகளை நீட்டி நான்குக்குத் தலா 350 வார்த்தைக்குள் பதில் கேட்கிறது. அறையில் உடன் தங்கப்போகும் மாணவருக்குக் கடிதம் எழுதச் சொல்வது ஸ்டான்ஃபோர்டின் பழக்கம். பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் இருபது கட்டுரைகளைத் தாண்டிவிடும். பிரிட்டன் கொஞ்சம் சிக்கனம். அங்கே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான். 2026 சேர்க்கையிலிருந்து அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்.

மாணவரை முழு மனிதராகப் பார்க்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்லப்படுகிறது. வரலாறு அவ்வளவு இனிமையானதல்ல. 1920களில் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே யூத மாணவர்கள் பெருமளவில் ஹார்வர்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். 1922இல் அதன் தலைவர் லாரன்ஸ் லவல், யூதர்களுக்கு வரம்பு கட்டலாம் என்று யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. சில ஆண்டுகளில் 'குணநலன்' என்ற அளவுகோல் பின்வாசல் வழியாக நுழைந்தது. குடும்பப் பின்னணி, புகைப்படம், நேர்காணல் எல்லாம் சேர்க்கையின் அங்கமாயின. மதிப்பெண்ணால் தடுக்க முடியாதவர்களை மனிதரைப் பார்த்துத் தடுத்தார்கள்.

நூறு ஆண்டுக்குப் பின் சக்கரம் வேறு திசையில் சுற்றியது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது கூடாது என்றது. ஆனால் இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதினால் அதைப் படிக்கத் தடையில்லை என்றும் சொன்னது. அதே ஆண்டு ஹார்வர்ட் ஐந்து குறுங்கேள்விகளைக் கட்டாயமாக்கியது. முதல் கேள்வியே வாழ்க்கை அனுபவம் பற்றியது. ஒருகாலத்தில் ஆட்களை வடிகட்டப் பயன்பட்ட பக்கத்துக்கே இப்போது ஆட்களை அடையாளம் காணும் வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது.

தேர்வு, கட்டுரை இரண்டின் பலமும் பலவீனமும் கே.ஆர்.நாராயணன் வாழ்க்கையில் தெரியும். உழவூரின் ஏழை தலித் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்தவர், கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். இன்றைய கேரளப் பல்கலைக்கழகமான அன்றைய திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில், ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். விடைத்தாள் திருத்தியவருக்கு அவர் சாதி தெரிய வேண்டியிருக்கவில்லை. அது தேர்வின் நியாயம். அவர் நடந்த தூரமும் தெரிந்திருக்க வழியில்லை. அது தேர்வின் குருட்டுத்தனம். 1945இல் டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். படிப்பு முடிந்து திரும்பியபோது கையில் பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் இருந்தது. மதிப்பெண் பட்டியல் சொல்லாததை யாராவது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கட்டுரை அந்த வாய்ப்பை மாணவரிடமே தருகிறது.

அந்த வாய்ப்பைத்தான் பலர் வாடகைக்கு விடுகிறார்கள். கட்டுரைக்கு யோசனை சொல்லவும், திருத்தவும், சமயத்தில் முழுதாக எழுதித் தரவும் ஆட்கள் உண்டு. காசுள்ள வீட்டுப் பிள்ளையின் 'நான்' பளபளப்பாக இருக்கும். துக்கத்துக்கு மவுசு என்று தெரிந்ததும் துக்கமும் தயாரிக்கப்படுகிறது. லூசியானாவில் ஒரு தனியார் பள்ளி, தன் மாணவர்களின் விண்ணப்பங்களில் இல்லாத கஷ்டங்களை எழுதி அனுப்பியதை 2018இல் 'நியூயார்க் டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. 2024இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த இந்திய மாணவர் ஒருவர் மோசடி வழக்கில் சிக்கினார். போலி ஆவணங்களில் தந்தையின் இறப்புச் சான்றிதழும் ஒன்று. தந்தை உயிரோடுதான் இருந்தார்.

இப்போது ஆளே வேண்டாம், செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது. அதைத் தன்னுடையது என்று அனுப்புவது மோசடி என 2023இல் காமன் ஆப் விதி போட்டது. டியூக் பல்கலைக்கழகம் 2024இல் கட்டுரைக்கு எண்ணில் மதிப்பெண் போடுவதையே நிறுத்தியது. எழுதியது யார் என்று தெரியாதபோது எதற்கு மார்க்?

அப்படியானால் திருவனந்தபுரத்துப் பிள்ளை எதைத்தான் எழுதுவது? முதலில், தும்பாவை விட்டுவிடலாம். 1963 நவம்பர் 21 அன்று மீனவக் கிராமத்திலிருந்து ராக்கெட் கிளம்பியது, மாதா கோயில் அலுவலகமானது என்பதெல்லாம் அருமையான கதைதான். ஆனால் அது தும்பாவின் கதை. அப்பா அங்கே வேலை பார்த்தால்கூட அப்பாவின் கதை. சாலைக் கடைத்தெருவில், கணக்குத் தமிழிலும் பேரம் மலையாளத்திலும் நடக்கும் கடையில், சனிக்கிழமைகளில் கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கு எழுத வேறு விஷயம் இருக்கிறது. அதே தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைக் கதைகளாக்கிய ஆ.மாதவன் 2015இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். சின்ன இடம் என்று ஒன்று கிடையாது, சரியாகப் பார்க்காத இடம்தான் உண்டு.

துக்கத்தை எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2017இல் ஒக்கி புயல் பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளில் எத்தனையோ வீடுகளைச் சூறையாடியது. அன்று எட்டு ஒன்பது வயதிலிருந்த பிள்ளைகள் இப்போது விண்ணப்ப வயதில் இருக்கிறார்கள். இழந்ததை எழுதுவதா, மனதிலேயே வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் முடிவு. எழுதினாலும், என்ன பறிபோனது என்பதோடு, அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதையும் படிப்பவர் தேடுவார்.

'எங்களை ஏன்' என்ற கேள்விக்குச் சுலபமான சோதனை உண்டு. எழுதியதில் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் வாக்கியம் பொருந்தினால் அது வெறும் புகழ்ச்சி. படிக்க விரும்பும் பாடம், அங்கே மட்டும் நடக்கும் ஆய்வு, அதற்குத் தான் இதுவரை செய்த சிறு முயற்சி, இவை மூன்றும் இருந்தால் போதும்.

இந்த வகை எழுத்துக்கு முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழகக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுச் சம்பளம் 20 பவுன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொன்னார். புலம்பவில்லை. அடுத்து நேராக விஷயத்துக்கு வந்து, தான் கண்டுபிடித்த தேற்றங்களை அடுக்கினார். அதற்கு முன் எழுதிய கடிதங்கள் பலன் தரவில்லை, இது தந்தது. ராமானுஜன் போல யாரும் கணிதம் செய்ய முடியாது. ஆனால் அவர் போல நேராகப் பேசலாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. கட்டுரையில் உள்ளதை வீட்டில் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லிப் பார்க்கலாம். 'இதெல்லாம் எப்போ நடந்துச்சு?' என்று அம்மா கேட்டால், அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டியதுதான்.